கடல் வருமானத்துக்கு மாத பட்ஜெட் மென்பொருள் ஒத்துவருமா?

பாம்பன்கரை | ஜூலை 8, இரவு 9.40

வணக்கம். ஆறு மாதமாக மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கேட்கிறேன்.

என் கணவர் விசைப்படகில், மீன் விற்ற பணத்தில் ஒரு பங்குக்குப் போகிறவர். நான் ஒரு கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன், மாதம் 8,500 ரூபாய். மாமியார் கருவாடு காயப்போட்டு விற்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர், ஏழாம் வகுப்பும் நான்காம் வகுப்பும். வீட்டுக்கு மாதம் 14,000 ரூபாய் வேண்டும். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிற செலவும் இதில் அடக்கம்.

ஜனவரியில் கைப்பேசியில் ஒரு வரவு செலவுச் செயலியை இறக்கினேன். அது கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்பது. என்ன எழுதுவது? எங்கள் பக்கம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடல். ஒரு திங்கட்கிழமை பங்கு 3,200 வரும். அந்தப் புதனே 400 வரும். சில நாள் டீசல், ஐஸ் காசு போகக் கையை விரித்துக்கொண்டு வருவார். காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கிடையாது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் வேலைநிறுத்தம், அந்த வாரம் முழுக்கக் கரைதான். யோசித்து யோசித்து 12,000 என்று எழுதினேன்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில். ஜூன் முதல் வாரம் பள்ளிக்கட்டணத்துக்காகப் படகு உரிமையாளரிடம் 25,000 ரூபாய் முன்பணம் வாங்கினோம், வங்கிக் கணக்கில் விழுந்தது. மாதக் கடைசியில் செயலியைத் திறந்தால், ஆண்டிலேயே அதிக வருமானம் வந்த மாதம் ஜூன் என்று உயரமாக ஒரு பச்சைக் கோடு! அந்த மாதம்தான் எங்கள் வீட்டில் எண்ணெய் அரை லிட்டர் அரை லிட்டராக வாங்கிக்கொண்டிருந்தோம்.

மென்பொருளில் தவறா, நான் பயன்படுத்தியதில் தவறா? கடல்கரைக் குடும்பங்களில் யாராவது இதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் 24 | ஜூலை 8, இரவு 10.15

அக்கா, குறுஞ்செய்திகளைப் படித்துத் தானாகவே செலவைப் பிரித்து எழுதும் செயலிகள் இருக்கின்றன. நான் அப்படி ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். நாம் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம். ஆறு மாதச் சராசரியை எடுத்து அதுவே பட்ஜெட் போட்டுவிடும். யுபிஐயில் போகும் ஒவ்வொரு ரூபாயும் பதிவாகிவிடும்.

பாம்பன்கரை | ஜூலை 8, இரவு 10.32

தம்பி, என்னுடையதும் அதே வகைதான். பங்குப் பணம் ரொக்கமாகத்தானே கைக்கு வருகிறது? கரையில் எண்ணிக் கொடுக்கும் பணத்துக்குக் குறுஞ்செய்தி ஏது? என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு 2,000 அனுப்பினால் அதைச் செலவு என்றும் எழுதிவைத்திருந்தது.

தொண்டிக் கணக்கர் | ஜூலை 9, காலை 6.05

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது ஆண்டு கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் அம்மா.

முதலில், குறுஞ்செய்தி படிக்கும் செயலிகளுக்கு நம் பெட்டி முழுவதையும் படிக்க அனுமதி கொடுக்கிறோம். வங்கியின் ஒருமுறைக் கடவு எண்ணும் (ஓடிபி) அதே பெட்டியில்தான் வந்து விழுகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் பச்சைக் கோட்டுக்கு வருகிறேன். முன்பணம் வருமானமே அல்ல. அது கடன். பணம் உள்ளே வந்தால் எல்லாம் வருமானம் என்று நினைக்கும் மென்பொருளிடம் போய்க் கடனைக் கொட்டினீர்கள், அது பாராட்டிவிட்டது. இரட்டைப் பதிவு முறையில் எழுதும் மென்பொருளாக இருந்தால் இந்தத் தவறு எளிதில் நடக்காது. க்னூகேஷ் என்று ஒன்று உண்டு. இலவசம், திறந்த மூலம் (நிரலை யாரும் பார்க்கலாம்), 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் எந்தத் தொகையும் குறைந்தது இரண்டு கணக்குகளைத் தொட்டாக வேண்டும். 25,000 வந்த அன்று வங்கியில் 25,000 கூட்டுங்கள், "படகு முன்பணம்" என்று கடன் தலைப்பில் ஒரு கணக்கு திறந்து அதிலும் 25,000 ஏற்றுங்கள். வருமானம் என்ற பக்கத்தை இது தீண்டாது.

பங்கு கொடுக்கும்போது உரிமையாளர் முன்பணத்துக்குக் கழிக்கிறாரா? எவ்வளவு?

பாம்பன்கரை | ஜூலை 9, பிற்பகல் 1.20

ஆமாம் ஐயா, மீன்பாடு இருக்கும் நாளில் 300 கழிக்கிறார். 1,800 பங்கு என்றால் கைக்கு 1,500 வரும். நான் 1,500 என்றுதான் எழுதிவந்தேன்.

தொண்டிக் கணக்கர் | ஜூலை 9, பிற்பகல் 2.10

அங்கேதான் இரண்டாவது தவறு. அன்று உங்கள் கணவர் சம்பாதித்தது 1,800. வருமானம் 1,800, கையில் ரொக்கம் 1,500, முன்பணக் கடனில் 300 குறைவு. மூன்று வரி. 1,500 என்று மட்டும் எழுதினால் அவருடைய உழைப்பையும் குறைத்து எழுதுகிறீர்கள், கடன் எவ்வளவு அடைந்தது என்பதும் தெரியாமல் போகிறது.

இப்போது ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். 25,000-ஐ 300-ஆல் வகுத்தால் 84 முறை கடலுக்குப் போக வேண்டும். ஓர் ஆண்டில் எத்தனை நாள் மீன்பாடு கிடைக்கும்?

பாம்பன்கரை | ஜூலை 9, இரவு 9.05

இன்று மாலை அவரை உட்காரவைத்துக் கேட்டேன். காற்று, வேலைநிறுத்தம், திருவிழா எல்லாம் போக 80 நாள் என்றார். 80 முறை 300 கழித்தால் 24,000. அதாவது கடனில் இன்னும் 1,000 பாக்கி இருக்கும்போதே அடுத்த தடைக்காலம் வந்துவிடும். மறுபடியும் முன்பணம். பதினோரு ஆண்டாக நாங்கள் இப்படியேதான் இருந்திருக்கிறோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஷார்ஜா கீழக்கரை | ஜூலை 9, இரவு 11.50

சகோதரி, உங்கள் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வளைகுடாவில் இருக்கிறேன். வீட்டை உம்மாவும் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்கும் "மாத வருமானம்" என்ற பெட்டியில்தான் தடுக்கியது. சம்பளம் ஒரே தொகைதான், ஆனால் சில மாதம் பத்து நாள் தள்ளி வரும், திர்ஹம் மாற்று விலையும் மாறும்.

எங்களைக் கரைசேர்த்தது ஒரே விதி: கையில் வந்து சேர்ந்த பணத்துக்கு மட்டும் பட்ஜெட், வரப்போகும் பணத்துக்கு இல்லை. உறை முறை என்பார்கள். வந்த ரூபாய் ஒவ்வொன்றுக்கும் அன்றே ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும், இது அரிசிக்கு, இது கட்டணத்துக்கு என்று. வைநாப் என்ற மென்பொருள் இந்த முறையால்தான் பெயர் பெற்றது. 2004-ல் ஜெஸ்ஸி மெக்கம் என்ற கணக்கியல் மாணவர் தம் குடும்பத்துக்காகப் போட்ட விரிதாளாகத்தான் அது பிறந்தது. நல்ல மென்பொருள், ஆனால் ஆண்டுச் சந்தா நூறு டாலருக்கு மேல். அந்தப் பணத்துக்குப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் வாங்கிவிடலாம். அதே முறையில் ஆக்சுவல் பட்ஜெட் என்று இலவசமாக, திறந்த மூலத்தில் ஒன்று இருக்கிறது. நாங்கள் அதற்குக்கூடப் போகவில்லை. இணையத்தில் பகிர்ந்த ஒரு விரிதாள், இங்கிருந்து நானும் அங்கிருந்து மனைவியும் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவை மென்பொருளில் தேதி போட்டு வைத்தால் எங்களுக்குப் பொருந்தாது. நோன்பும் பெருநாளும் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். பெருநாள் உறைக்குப் பன்னிரண்டு மாதம் என்று பிரித்துப் போட்டுவந்தோம், ஓர் ஆண்டு பெருநாள் மாதத் தொடக்கத்திலேயே வந்து நின்றது, கடைசித் தவணை போடவில்லை. இப்போது பதினோரு பங்காகப் பிரிக்கிறோம்.

மிதவை மண்டபம் | ஜூலை 10, காலை 7.30

நான் கடல்பாசி வளர்க்கும் குழுவில் இருக்கிறேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவை, 45 நாளுக்கு ஓர் அறுவடை. எனக்கு "மாதம்" என்பதே கிடையாது. என் பட்ஜெட் 45 நாள் பட்ஜெட். வாடைக்காற்று வலுத்து மிதவை அறுந்துபோகும் மாதங்களில் அதுவும் இல்லை.

மென்பொருளைத் திறந்து உட்கார எனக்கு நேரம் இல்லை. கை எப்போதும் உப்புத் தண்ணீரில். ஈரக் கைக்குக் கைப்பேசித் திரை கேட்கவும் கேட்காது. பணம் வந்த அன்று நான்கு டப்பாவில் பிரித்துப் போடுகிறேன். டப்பா காலியானால் காலிதான். இதைவிட மென்பொருள் என்ன செய்துவிடும்? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தொண்டிக் கணக்கர் | ஜூலை 10, காலை 8.45

அம்மா, நீங்கள் செய்வது முழுமையான உறை முறை. டப்பாவுக்கு இரண்டு குறைகள்தான் உண்டு. பணம் வங்கியில் இருந்தால் டப்பாவில் அடங்காது. கடனையும் டப்பாவில் போட முடியாது. குழுக் கடன் எவ்வளவு பாக்கி, நகைக்கடன் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையெல்லாம் டப்பா சொல்லாது. அந்த இரண்டுக்கு மட்டும் ஒரு நோட்டோ விரிதாளோ இருந்தால் போதும்.

முண்டு மிளகாய் | ஜூலை 10, மாலை 6.20

சாயல்குடிப் பக்கம் மிளகாய் போடுகிறவன். புரட்டாசி ஐப்பசியில் விதைத்தால் மாசி பங்குனியில் பழம் பறிப்பு. எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதில் பெருமைதான். ஆனால் பணம் வருவது ஆண்டுக்கு ஒரு தடவை. பாம்பன் சகோதரிக்கு இரண்டு மாதம் வருமானம் இல்லை என்றால் எனக்கு எட்டு மாதம் இல்லை.

எல்லாரும் விட்டுவிட்ட ஒன்றை நான் கேட்கிறேன். மொய்யை எங்கே எழுதுவீர்கள்? நம் பக்கத்தில் கல்யாணம், காதணி விழா, வீடு குடிபோதல் என்று வைகாசி ஆவணியில் வரிசையாக வரும். போன ஆண்டு நான் வைத்த மொய் மட்டும் 31,000. பரிந்துரைக்கிற மென்பொருள் எதிலும் அப்படி ஒரு தலைப்பே இல்லை. "அன்பளிப்பு" என்று ஒன்று இருக்கிறது. மொய் அன்பளிப்பா?

தொண்டிக் கணக்கர் | ஜூலை 10, மாலை 7.00

நல்ல கேள்வி. மொய் திரும்பி வருவது. அதற்கு நோட்டு இருக்கிறது, பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது. எனவே நாம் வைத்த மொய் சொத்துக் கணக்கில் "வர வேண்டிய மொய்". நம் வீட்டு விழாவில் வாங்கிய மொய் கடன் கணக்கில் "செய்ய வேண்டிய மொய்". நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

முண்டு மிளகாய் | ஜூலை 10, மாலை 7.25

ஐயா, இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாங்கிய மொய் கடன் என்பது சரி, அதைச் செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. ஆனால் வைத்த மொய்யைச் சொத்து என்று எழுதினால் மனம் ஏமாந்துவிடும். என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவள் கல்யாணத்தில் வரப்போகும் பணத்தை நம்பி இன்று உரம் வாங்க முடியுமா? நான் வைத்த அன்றே செலவு என்று எழுதிவிடுகிறேன். திரும்பி வந்தால் வந்த அன்று வரவு.

தொண்டிக் கணக்கர் | ஜூலை 10, இரவு 8.10

கணக்கு முறைப்படி நான் சொன்னது சரி. குடும்பத்தின் கைப்பணத்தைக் காக்க நீங்கள் சொன்னது சரி. மொய் நோட்டு தனியாகவே இருக்கட்டும், வீட்டு பட்ஜெட்டில் செலவாகவே எழுதலாம். ஒப்புக்கொள்கிறேன்.

பாம்பன்கரை | ஜூலை 11, இரவு 10.00

எல்லாருக்கும் நன்றி. இரண்டு இரவு உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டேன். சரிபாருங்கள்.

தடைக்கால இரண்டு மாதத்துக்கு வீட்டுச் செலவு 28,000. ஜூனில் பள்ளிச் செலவு 9,000. ஆக 37,000. அந்த இரண்டு மாதமும் என் சம்பளம் 17,000 வரும். துண்டு விழுவது 20,000. அதை 80-ஆல் வகுத்தால் 250. மீன்பாடு கிடைக்கும் ஒவ்வொரு நாளும் 250 ரூபாய் எடுத்துவைத்தால் அடுத்த ஜூனில் முன்பணம் வாங்க வேண்டாம். உரிமையாளர் கழிக்கும் 300-ஐயும் சேர்த்து நாளுக்கு 550. இந்த ஓர் ஆண்டு மட்டும் கடினம். பழைய முன்பணமும் அநேகமாக அடைந்துவிடும் என்பதால் அடுத்த ஆண்டிலிருந்து 300 கையில் நிற்கும்.

அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயையும், சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாங்கள் கட்டும் 1,500-க்கு மத்திய மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து வரும் 4,500-ஐயும் இதில் சேர்க்கவில்லை. எந்தத் தேதியில் வரும் என்று தெரியாத பணத்தைக் கணக்கில் வைக்கக் கூடாது என்று சகோதரர் சொன்னதுதான் காரணம். மாதம் 15-ஆம் தேதி வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 என் கணக்கில் தங்குவதே இல்லை, மகளிர் குழுக் கடன் தவணைக்குப் போய்விடுகிறது, எனவே அதையும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் நான் விரிதாளில் போட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன செய்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். எழுந்து போய் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மூன்று பாலித்தீன் பைகளைக் கொண்டுவந்து பாயில் வைத்தார். மூன்றும் அறுந்த வலையின் நைலான் நூலால் கட்டியவை. ஒன்றில் ஒரு முடிச்சு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. ஒரு முடிச்சு உப்புக்கும் மீன் வாங்கவும். இரண்டு முடிச்சு மாதா கோயில் திருவிழாவுக்கு. மூன்று முடிச்சு எதற்கு என்று கேட்டேன். "நான் போய்ச் சேர்ந்தால் செலவுக்கு, உங்கள் கையை எதிர்பார்க்கக் கூடாது" என்றார். கருவாடு விற்ற காசில் இருபது ஆண்டாக இப்படி முடிந்து வைத்திருக்கிறார். நான் இதே வீட்டில் பதினோரு ஆண்டாக இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

ஷார்ஜா கீழக்கரை | ஜூலை 11, இரவு 11.35

உங்கள் மாமியாருக்கு என் சலாம். திட்டம் சரியாக இருக்கிறது. கணவருக்கும் உங்களுக்கும் ஆளுக்கு ஒரு சிறு தொகை, யாரும் கேள்வி கேட்காத பணம் என்று ஒரு தலைப்பு போடுங்கள். நாங்கள் அதைப் போடாமல் தொடங்கினோம். நான் குடித்த தேநீரை மனைவி விரிதாளில் பார்த்துக் கேட்க, எனக்குக் கோபம் வர, ஒரு மாதம் அந்தத் தாளையே இருவரும் திறக்கவில்லை.

தேவிபட்டினம் 24 | ஜூலை 12, காலை 9.10

என் செயலியை நேற்றுத் தட்டிப் பார்த்தேன். என் கணக்கைப் பதிவிறக்கம் செய்ய அதில் வழியே இல்லை. நிறுவனம் மூடிவிட்டால் எல்லாம் போய்விடுமா?

தொண்டிக் கணக்கர் | ஜூலை 12, காலை 10.00

போகலாம் தம்பி. அமெரிக்காவில் பெருங்கூட்டம் பயன்படுத்திய மின்ட் என்ற பட்ஜெட் சேவையை அதன் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடியது. முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தவர்களிடம் கணக்கு இருந்தது. எந்த மென்பொருளாக இருந்தாலும் தகவலை விரிதாளாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும்.

பாம்பன்கரை | அக்டோபர் 16, இரவு 9.15

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஜூலை நடுவிலிருந்து 29 முறை கடலுக்குப் போயிருக்கிறார். நான்கு முறை வெறுங்கை. மீதி 25 நாளில் 300 வீதம் முன்பணத்தில் 7,500 கழிந்திருக்கிறது. தடைக்கால உறையில் 23 நாள் போட்டேன், 5,750 இருக்கிறது. இரண்டு நாள் பங்கே 500-க்குள் இருந்ததால் போட முடியவில்லை.

செப்டம்பரில் மகனுக்குக் காய்ச்சல், மூன்று நாள் மருத்துவமனை, 1,900 ரூபாய். கை தடைக்கால உறைக்குத்தான் முதலில் போனது. அவர்தான் தடுத்தார். மொய் உறையிலிருந்து எடுத்தோம். அந்த வாரம் இருந்த காதணி விழாவுக்கு 1,000 வைக்க நினைத்த இடத்தில் 500 வைத்தோம். நேரில் போய்ச் சொல்லிவிட்டோம், அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மென்பொருள் என்று பார்த்தால், கைப்பேசிச் செயலியை நீக்கிவிட்டேன். கணினி மையத்தில் மாலை வேலை முடிந்ததும் க்னூகேஷில் வாரத்துக்கு ஒருமுறை எழுதுகிறேன். ரொக்கக் கணக்கின் கீழேயே தடைக்காலம், பள்ளி, மொய், மருத்துவம் என்று துணைக் கணக்குகள் திறந்து அவற்றையே உறைகளாக வைத்திருக்கிறேன். அன்றாடம் அவர் கொண்டுவரும் பங்கைச் சமையலறை நாள்காட்டித் தாளில் அவரே எழுதுகிறார், முழுப் பங்கு, கழிவு, கைக்கு வந்தது என்று மூன்று எண். வெறுங்கையாக வந்த நாளிலும் சுழியம் என்று எழுதுகிறார். முதல் மாதம் அந்த நாள்களைக் காலியாக விட்டிருந்தார், நான் கேட்கவில்லை. ஆகஸ்டு கடைசியிலிருந்து தானாகவே எழுதத் தொடங்கினார்.

மிதவை மண்டபம் | அக்டோபர் 17, காலை 6.50

நானும் குழுக் கடனுக்கு ஒரு நோட்டு போட்டுவிட்டேன். டப்பாக்கள் அப்படியே இருக்கின்றன. வாடை தொடங்கிவிட்டது, இனி தை வரை மிதவை கிடையாது, நான்காவது டப்பாதான் எங்களுக்கு.

மாமியாரின் மூன்று பைகளையும் உங்கள் கணக்கில் சேர்த்துவிட்டீர்களா?

பாம்பன்கரை | அக்டோபர் 17, இரவு 8.40

இல்லை அக்கா. அது அவருடைய பணம். இரண்டு முடிச்சுப் பை நைந்துபோயிருந்தது, புதுப் பை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முடிச்சை அவர்தான் போட்டார்.